கேளுங்க, சொல்றேன்: பாறை ஏறணும்னா எந்த ஊருக்குப் போறது?

போன இதழ்ல நடுப்பக்கத்துல அமெரிக்காவுல இருக்க எல் கேப்பிட்டன் பாறையோட படம் போட்டிருந்தோம்ல, அதப் பாத்துட்டு வந்த லெட்டரும் வாட்ஸ்அப்பும் இன்னும் நிக்கல. அதனால இந்த வாட்டி முழுப்பக்கமும் பாறை ஏறுறதப் பத்தித்தான். ஒரே கேள்விய நாலஞ்சு பேரு கேட்டிருந்தா அதுல ஒண்ண மட்டும் எடுத்துப் போட்டிருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: சொந்த ஊரு காரைக்குடி, வேலை பெங்களூருல. கொஞ்ச நாளா ஜிம்ல இருக்க செவுத்துல ஏறிப் பழகிட்டிருக்கேன். அமெரிக்காவுல யோசெமிட்டி, தாய்லாந்துல க்ராபி, இத்தாலில டோலமைட்ஸ்னு மூணு இடம் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. முதல்ல எதுக்குக் காசு சேக்கலாம்? (வாசகி, காரைக்குடி)

பதில்: மூணும் அழகுதான் தங்கச்சி, அதுல சந்தேகமே இல்ல. ஆனா மூணும் மூணு வேற கல்லு, ஊரு பேர விட்டுட்டு மொதல்ல அதப் பாருங்க. யோசெமிட்டி கிரானைட்டு. அங்க பாதி இடத்துல கைக்குப் பிடியே கிடைக்காது, நீளமா மேல போற வெடிப்புக்குள்ள கைய நுழைச்சு உள்ளங்கைய உப்ப வச்சு இறுக்கி, காலையும் சொருகித் திருகி அப்படியே ஏறணும், ஜிம் செவுத்துல கலர் கலரா இருக்க பிடியப் பிடிச்சுப் பழகுனவங்களுக்கு அது புதுப் பாடம். க்ராபி சுண்ணாம்புக்கல்லு, தண்ணி கரைச்சுக் கரைச்சு ஓட்டையும் தொங்கலுமா கிடக்கும், கை நிறையப் பிடி கிடைக்கும், ஆனா பல இடத்துல பாறை நம்ம மேல சாஞ்சு நிக்கும், தோள்ல தெம்பு வேணும். டோலமைட்ஸ்ல கல்லு மட்டுமில்ல, உயரம், குளிரு, மத்தியானம் திடீர்னு இடி மழைன்னு எல்லாம் சேந்துக்கும்.

அதனால நான் சொல்றது என்னன்னா, இந்த மூணுக்கும் முன்னாடி ஹம்பி. பெங்களூருல ராத்திரி ரயில் ஏறினா காலைல ஹோஸ்பேட்டைல இறங்கிடலாம், அங்கருந்து ஹம்பி பக்கந்தான். துங்கபத்ரா ஆத்துக்கு ரெண்டு பக்கமும் கண்ணுக்கெட்டுன தூரம் உருண்டைப் பாறையா குமிஞ்சு கிடக்கு பாருங்க, அது யாரும் கொண்டாந்து போட்டதில்ல. சுமார் 250 கோடி வருஷத்துக் கிரானைட்டு, பூமிக்குள்ள இருக்கும்போதே கட்டம் கட்டமா விரிசல் விட்டு, அந்த விரிசல் வழியா தண்ணி இறங்கி மூலையெல்லாம் மக்கிப்போயி, அப்புறம் மேல இருந்த மண்ணு அரிச்சிட்டுப் போனதும் நடுக்கல்லு மட்டும் உருண்டையா வெளிய நிக்குது. அங்க பெரும்பாலும் போல்டரிங், அதாவது கயிறு இல்லாம குட்டையான பாறைல ஏறுறது, கீழ க்ராஷ் பேட்னு தடிமனா ஒரு மெத்தை விரிச்சிருப்பாங்க, அது வாடகைக்கே கிடைக்குது.

ஹம்பி கல்லத் தொட்டுப் பாத்தாத்தான் தெரியும், புதுசா கொத்துன அம்மி மாதிரி சொரசொரன்னு இருக்கும், குவார்ட்ஸ் பரல் ஒவ்வொண்ணும் விரல் நுனில தனித்தனியா குத்தும். காலுக்கு விளிம்பே இல்லாத சரிவு வரும், அங்க குதிகாலக் கீழ இறக்கிட்டு ஷூவோட முன்பக்க ரப்பர அப்படியே பாறைல ஒட்ட அழுத்தி எந்திரிக்கணும், பயந்துபோயி உடம்பப் பாறையோட ஒட்டினீங்கன்னா கால் வழுக்கிடும், கொஞ்சம் வெளிய தள்ளி நின்னாத்தான் எடை காலுக்குப் போகும். இத ஒரு கல்லுல பழகிட்டீங்கன்னா உலகத்துல எந்தக் கிரானைட்டுக்கும் போலாம். நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் போங்க, அதுலயும் விடியக்காலைலயும் நாலு மணிக்கு மேலயுந்தான் ஏறணும், நடுப்பகல்ல கல்லு கொதிக்கும், வேர்த்த விரல் நிக்காது, தோலும் உரிஞ்சிடும். இப்ப ஏற வர்றவங்க பெரும்பாலும் ஆத்துக்கு வடக்க ஆனேகுந்தி, சனாபூர் பக்கந்தான் தங்குறாங்க. ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க, கோயில், மண்டபம், கோட்டைச் செவுரு இதுல எதுலயும் கால் வைக்கக் கூடாது, ஹம்பி 1986ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்க ஊரு.

அடுத்தது பாதாமி. அது செம்மணற்கல்லு, சாளுக்கியருக்குத் தலைநகரமா இருந்த இடம், 578ல வெட்டுன கல்வெட்டோட குடைவரைக் கோயில் இருக்கு. பாறைல கயிறு மாட்ட போல்ட் அடிச்ச பாதை நிறைய இருக்கறதால கயிறு கட்டி ஏறுறத அங்க பழகலாம். இந்த ரெண்டும் ஆனதுக்கப்புறம் க்ராபி, கடைசியா யோசெமிட்டி. டோலமைட்ஸ் போகணும்னா இன்னொரு வழியும் இருக்கு, முதல் உலகப்போர்ல சிப்பாய்ங்க மலை தாண்டுறதுக்குப் போட்ட இரும்புக் கம்பியும் ஏணியும் இன்னைக்கு சரிபண்ணி வச்சிருக்காங்க, வியா ஃபெராட்டான்னு பேரு, உடம்ப அந்தக் கம்பியோட மாட்டிக்கிட்டே போலாம், கைட் கூட்டிக்கிட்டுப் போனா உங்களுக்கு அது இப்பவே முடியும்.

கேள்வி: ஒத்தப் பேரன், பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை. சனி ஞாயிறானா கயிறத் தூக்கிக்கிட்டுப் பாறை ஏறக் கிளம்பிடுறானாம். ராமநகரமாம், சாவனதுர்காவாம். எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. போகாதய்யான்னா சிரிக்கிறான். நீங்களாவது எழுதிப் புத்தி சொல்லுங்க. (அப்பத்தா, பள்ளத்தூர்)

பதில்: ஆச்சி, உங்க பயம் நியாயமான பயம், அதச் சின்னதா நினைக்க மாட்டேன். ஆனா போகாதன்னு என்னால எழுத முடியல, ஏன்னா ஒழுங்காச் செஞ்சா இது ரொம்ப ஒழுங்கான விளையாட்டு, டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல இருந்து ஒலிம்பிக்ஸ்லயே இருக்கு. உங்க பேரன் ஏறும்போது இடுப்புல ஹார்னெஸ்னு ஒரு பட்டை, அதுல கயிறு, அந்தக் கயிறோட இன்னொரு பக்கத்தக் கீழ ஒருத்தரு ஒரு கருவி வழியாப் பிடிச்சிருப்பாரு, வழில பாறைல அடிச்ச போல்ட்ல எல்லாம் கயிற மாட்டிக்கிட்டே போவாங்க. அந்தக் கயிறு நம்ம கெணத்துக் கயிறு இல்ல ஆச்சி, விழுந்தா கொஞ்சம் இழுபட்டு நீளும், அதனால இடுப்பு முறியிற மாதிரி வெட்டி இழுக்காது.

புத்தி சொல்றதுக்குப் பதிலா நீங்க போன்ல அவன்கிட்ட கேக்க மூணு கேள்வி தர்றேன், கேட்டீங்கன்னா பேரன் ஆடிப்போயிடுவான். ஒண்ணு, ஏறுறதுக்கு முன்னாடி எட்டு வடிவத்துல நீ போட்ட முடிச்ச உன் கூட்டாளி பாத்தாரா, அவரு கருவிய நீ பாத்தியா. பழுத்த ஆளுங்களே பேச்சு சுவாரசியத்துல முடிச்ச பாதில விட்டுட்டு ஏறினதுண்டு, அதனாலதான் ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கறது. ரெண்டு, கயிறோட வால்ல முடிச்சுப் போட்டியா. ஏறும்போது எல்லாரும் கவனமாத்தான் இருப்பாங்க, கீழ இறக்கும்போதுதான் கயிறு நீளம் பத்தாம நுனி கருவிய விட்டு உருவிக்கிட்டு போயிடும், ஒரே ஒரு முடிச்சு இருந்தா அது நடக்காது. மூணு, தலைல ஹெல்மெட் இருந்துச்சா, கீழ நிக்கிறவருக்கும் சேத்து. அப்புறம் கர்நாடகாப் பாறைங்கள்ல மலைத்தேனீ பெருசு பெருசா கூடு கட்டும், கூடு இருக்க பக்கம் போகாதய்யான்னு மட்டும் கண்டிச்சுச் சொல்லுங்க, அதுக்குக் கயிறும் உதவாது, ஹெல்மெட்டும் உதவாது.

இந்த மூணுக்கும் அவன் யோசிக்காம பதில் சொன்னான்னா நிம்மதியாத் தூங்குங்க. இழுத்தான்னா ஒழுங்கா ஒரு கோர்ஸ் போகச் சொல்லுங்க, பெங்களூருலயே திம்மய்யா அகாடமி இருக்கு, டார்ஜிலிங்ல 1954ல ஆரம்பிச்ச மலையேற்ற நிறுவனம் இருக்கு, டென்சிங் பாடம் சொல்லிக் கொடுத்த இடம் அது.

கேள்வி: தை மாசம் கல்யாணம். அப்புறம் தாய்லாந்து போறோம். க்ராபில பாறை ஏறலாம்னு அவரு சொல்றாரு, எனக்கு இதுல அனுபவமே இல்ல. பயமில்லாம முடியுமா? (வாசகி, புதுவயல்)

பதில்: வாழ்த்துக்கள் ரெண்டு பேருக்கும்! மாசம் சரியாத்தான் அமைஞ்சிருக்கு, அங்க நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் மழை கம்மி. நீங்க போக வேண்டிய இடம் ரைலே. அது தீவு இல்ல, நெலத்தோட ஒட்டுனதுதான், ஆனா பின்னாடி செங்குத்தா சுண்ணாம்பு மலை மறிச்சு நிக்கறதால ரோடே கிடையாது, ஆவ்நாங்ங்கிற ஊருல இருந்து நீட்டு வால் படகுலதான் போகணும். மணல்ல நின்னு கயிறு கட்டிக்கிட்டு ஏறுற அளவுக்குப் பாறை கடலோரத்துலயே நிக்குது, பாதி தூரம் ஏறித் திரும்பிப் பாத்தீங்கன்னா பச்சைத் தண்ணி, நடுவுல முளைச்ச மாதிரி பாறைத் தீவுங்க, அதப் பாக்கறதுக்காகவே ஏறலாம். முதல் தடவை ஏறுறவங்களுக்கு அரை நாள் வகுப்பு நடத்துற பள்ளிங்க அங்கயே இருக்கு, ஷூல இருந்து எல்லாம் அவங்களே தருவாங்க.

ஆனா போல்ட் விஷயம் ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. கடல் உப்புக் காத்தும் சுண்ணாம்பும் சேந்தா நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே உள்ளுக்குள்ள விரிசல் விட்டுடும், வெளிய பாத்தா பளபளன்னு இருக்கும், எடை விழுந்தா படக்குன்னு உடையும். அதனால அங்க டைட்டானியம் போல்ட்ட பசை வச்சு ஒட்டி மாத்திக்கிட்டே வர்றாங்க. கைட்கிட்ட இந்தப் பாதைல இருக்கறது டைட்டானியமான்னு கேளுங்க, தயங்கவே வேணாம், நல்ல கைட் சந்தோஷமா காட்டுவாரு. கீழ கடல் இருக்க பாறைல கயிறில்லாம ஏறித் தண்ணில குதிக்கிறதும் அங்க பிரபலம், நீச்சல் நல்லா தெரிஞ்சா மட்டும் போங்க, தெரியாதுன்னா படகுல உக்காந்து அவர வீடியோ எடுங்க.

கேள்வி: நீங்க போட்ட எல் கேப்பிட்டன் பாறைய ஒருத்தரு கயிறே இல்லாம ஏறிட்டாராமே, நெசமா? நானும் கயிறில்லாம பழகலாமா? (காலேஜ் மாணவன், தேவகோட்டை)

பதில்: நெசந்தான் தம்பி. அலெக்ஸ் ஹொனால்ட், 2017 ஜூன் 3ஆம் தேதி, சுமார் 3,000 அடி, 3 மணி 56 நிமிஷம். உன் ரெண்டாவது கேள்விக்குப் பதில், கூடாது.

ஏன்னு சொல்றேன். அவரு திடீர்னு ஒருநாள் போயி ஏறல, அதே பாதைய ஒரு வருஷத்துக்கும் மேலா கயிறு கட்டித் திரும்பத் திரும்ப ஏறி, எந்தக் காலு எங்க, எந்த விரலு எதுலன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தாரு, அதுக்கு முன்னாடி சின்ன வயசுல இருந்தே ஏறிக்கிட்டே இருந்தவரு. அத விட எனக்கு அந்தப் பாறைல பிடிச்ச ஆளுங்க வேற. 1958ல வாரன் ஹார்டிங்கும் கூட்டாளிகளும் முதல் தடவையா தி நோஸ்னு பேரு வச்ச பாதை வழியா உச்சிக்குப் போனாங்க, ஒன்றரை வருஷமா விட்டு விட்டு ஏறி மொத்தம் 47 நாள். அந்தப் பாதைய வெறும் கை காலால, அதாவது விழுந்தா பிடிக்கிறதுக்கு மட்டுந்தான் கயிறு, இழுத்து ஏறுறதுக்கு இல்லன்னு, எத்தனையோ ஆம்பளைங்க முயற்சி பண்ணி முடியாமப் போச்சு, 1993ல லின் ஹில்னு ஒரு பொண்ணு முதல்முதலா முடிச்சாங்க, அடுத்த வருஷமே அத ஒரே நாள்ல முடிச்சுக் காட்டினாங்க. 2015 ஜனவரில டாமி கால்ட்வெல்லும் கெவின் ஜார்ஜ்சனும் அதே பாறைல டான் வால்ங்கிற பக்கத்த 19 நாள் செவுத்துலயே தொங்குற கட்டில்ல தூங்கி எந்திரிச்சு ஏறி முடிச்சாங்க. கால்ட்வெல்லுக்கு இடது கைல ஆள்காட்டி விரல் பாதிக்கு மேல இல்ல, மரம் அறுக்கிற மெஷின்ல போயிடுச்சு. இவங்க எல்லாருமே கயிறு கட்டித்தான் ஏறினாங்க. அவங்களுக்கு யாரும் தைரியம் கம்மின்னு சொல்லல தம்பி.

கேள்வி: ரிட்டயர்ட் வாத்தியார். மகன் ஜெர்மனில ட்ரெஸ்டன்ல இருக்கான், வர்ற மே மாசம் போறோம். முழங்கால் வலி இருக்கு, ஏற முடியாது. ஆனா ஏறுறவங்களையும் அந்த இடத்தையும் கண்ணால பாக்கணும்னு ஆசை. (வாசகர், கோட்டையூர்)

பதில்: ஐயா, நீங்க சரியான ஊருக்குத்தான் போறீங்க! ட்ரெஸ்டன்ல லோக்கல் ரயில் பிடிச்சா கொஞ்ச நேரத்துல ராத்தன், இறங்குனதும் எல்பே ஆத்தப் படகுல தாண்டுனா எதிர்ல மணற்கல் தூணு தூணா நிக்கும், அந்த வட்டாரம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல இருக்கு. உச்சில பாஸ்டைங்கிற இடத்துல 1851ல கட்டுன கல்லுப்பாலம் ஒண்ணு தூணுங்களுக்கு நடுவுல போகுது, ஆத்துல இருந்து 194 மீட்டர் உயரம். ராத்தன்ல இருந்து ஏறுனா படி நிறைய, உங்களுக்கு வேணாம், மேல வரைக்கும் ரோடு இருக்கு, மகன கார்ல கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. பாலத்துல நின்னா எதிர்த்தூண்ல ஏறுறவங்க கைக்கெட்டுற தூரத்துல தெரிவாங்க.

அவங்க கையப் பாருங்க ஐயா, வேர்வைக்குப் பூசுற வெள்ளை சாக் பவுடர் இருக்காது. அங்க அது தடை. வெடிப்புக்குள்ள இரும்புக் கருவி சொருகுறதும் தடை, மென்மையான கல்லு, விளிம்பு உதிர்ந்துடும்னு. அதுக்குப் பதிலா கயித்துல பெருசும் சின்னதுமா முடிச்சுப் போட்டு வெடிப்புல இறுக்கி வச்சு, அத நம்பி ஏறுறாங்க. மழை பெஞ்சு கல்லு ஈரமா இருந்தா ஏறவே கூடாது, மணற்கல் தண்ணி குடிச்சா பலம் போயிடும், நேத்துவரைக்கும் உறுதியா இருந்த பிடி கையோட வந்துடும். 1864ல அந்த ஊரு உடற்பயிற்சிக்காரங்க சில பேரு ஃபால்கன்ஸ்டைன்ங்கிற பாறைல ஏறினதுல இருந்து அங்க இந்த விளையாட்டு இருக்கு, இத்தன வருஷம் ஏறியும் கல்லு இன்னும் நல்லா இருக்குன்னா அந்தக் கட்டுப்பாடுதான் காரணம்னு நான் உறுதியா நம்புறேன். ஒவ்வொரு உச்சிலயும் ஒரு டப்பாக்குள்ள நோட்டு வச்சிருப்பாங்க, ஏறுனவங்க பேரு எழுதிட்டு வருவாங்க.

லீவு இருந்தா கிரீஸ்ல மீட்டியோராவும் பாத்துட்டு வாங்க. தனித்தனியா நிக்கிற பாறைத்தூணு மேல மடாலயம், முன்னாடி துறவிங்கள வலைல வச்சு மேல இழுத்தாங்க, இன்னைக்குப் படி இருக்கு. இப்பவும் ஆறு மடத்துல ஆளு இருக்காங்க.

கேள்வி: கானாடுகாத்தான்ல பாட்டன் வீட்ட ஹோம்ஸ்டேயா நடத்துறோம். வர்ற வெளிநாட்டுக்காரங்க சில பேரு இங்க பாறை ஏற இடம் இருக்கான்னு கேக்குறாங்க. திருமயம், குன்றக்குடி, பிரான்மலைன்னு நம்மகிட்டயும் பாறை இருக்கே, அத வச்சு ஏதாவது பண்ணலாமா? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: அண்ணே, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்த எழுதலாம். பாறை ஏறுறது ஒரு ஊரத் தூக்கி நிறுத்தும்ங்கிறதுக்கு உதாரணம் இருக்கு, கிரீஸ்ல கலிம்னோஸ்னு ஒரு தீவு. கடற்பஞ்சு எடுக்குறதுதான் அங்க தொழில், ஈஸ்டர் முடிஞ்சதும் ஆம்பளைங்க கப்பலேறி ஆப்பிரிக்கக் கரை வரைக்கும் போயிடுவாங்க, மாசக்கணக்குல பொம்பளைங்களும் பிள்ளைங்களுந்தான் ஊருல. லேவாதேவிக்கு பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆளனுப்பிட்டுக் காத்திருந்த நம்ம வீடுங்களுக்கு இது புரியும். அந்தத் தொழிலும் படுத்துச்சு. 1996ல லீவுக்கு வந்த ஆந்த்ரேயா டி பாரிங்கிற இத்தாலிக்காரரு அந்தத் தீவுப் பாறைங்களப் பாத்துட்டு மறுவருஷம் போல்ட் அடிச்சு பாதை திறந்தாரு, இன்னைக்கு ஆயிரக்கணக்குல பாதை இருக்கு, வசந்தகாலத்துலயும் இலையுதிர்காலத்துலயும் ரூம் நிறையுது.

ஆனா நம்ம பாறைங்க கதை வேற அண்ணே. திருமயமும் சித்தன்னவாசலும் தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு, அங்க ஆணி அடிக்கிற பேச்சே எடுக்கக் கூடாது. குன்றக்குடி முருகன் உக்காந்திருக்க மலை. பிரான்மலை அடிவாரத்துல கோயில், உச்சில தர்கா. சாமி இருக்க பாறைய ஏறுற பாறையா ஆக்குறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். இது நம்ம மட்டும் சொல்ற விஷயமும் இல்ல, ஆஸ்திரேலியாவுல உலுருப் பாறை அங்குள்ள அனங்கு மக்களுக்குப் புனிதம், 2019 அக்டோபர் 26ல இருந்து அதுல ஏறவே தடை. அமெரிக்காவுல டெவில்ஸ் டவர்னு ஒரு பாறை, ஜூன் மாசம் பழங்குடி மக்கள் சடங்கு பண்ற நேரம்னு அந்த மாசம் ஏறாதீங்கன்னு 1995ல இருந்து கேட்டுக்கிறாங்க, நிறைய பேரு மதிச்சு ஒதுங்கிடுறாங்க.

அதுக்காக வர்றவங்கள வெறுங்கையா அனுப்ப வேணாம். சித்தன்னவாசல்ல ஏழடிப்பட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, பாறை விளிம்புல கால் வைக்க மட்டும் கல்ல வெட்டியிருக்காங்க, இப்ப கம்பி போட்டிருக்கு, அந்தக் காலத்துல சமண முனிவருங்க கம்பி, கயிறு எதுவும் இல்லாம அந்த வழியாப் போயித்தான் குகைல வழவழன்னு செதுக்குன படுக்கைல படுத்தாங்க. பாறை ஏறத் தெரிஞ்சவன் அந்தக் கால்குழிகளப் பாத்தா அங்கயே உக்காந்துடுவான். பிரான்மலைக்கு விடியக்காலைல நடந்து ஏறச் சொல்லுங்க, பாரியோட பறம்பு மலைன்னு கதையச் சொல்லி கூட்டிட்டுப் போக ஊருக்குள்ள இளவட்டங்களுக்குக் கூலி கொடுங்க. மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்கும் கூட்டிட்டுப் போங்க, 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்ச இடம், டங்ஸ்டன் சுரங்கம் வருதுன்னதும் சுத்துப்பட்டு ஜனங்க தெருவுல இறங்கிப் போராடி 2025 ஜனவரில அந்த ஏலத்தையே ரத்து பண்ண வச்சாங்க. அந்தப் பாறை இடுக்குல லகுடு வல்லூறு கூடு கட்டுது, அதனால அங்க ஏறச் சொல்லாதீங்க, கீழ நின்னு பைனாகுலர்ல காட்டுங்க. யோசெமிட்டிலயே வல்லூறு குஞ்சு பொரிக்கிற மாசங்கள்ல சில பாறைங்கள மூடிடுவாங்க, அதனால ஏறுறவங்களுக்கு இதப் புதுசா விளக்க வேண்டியிருக்காது. நெசமாவே கயிறு கட்டி ஏறணும்ங்கிறவங்கள ஹம்பிக்கும் பாதாமிக்கும் அனுப்புங்க, போகும்போது சீப்புச் சீடையும் மாவுருண்டையும் கட்டிக் கொடுங்க, பாறைல பசிக்கும்.

ஒண்ணு சொல்லாம விட முடியல. நம்ம மாவட்டத்துல ஏறாம விட்ட பாறைங்க நிறைய, வெடி வச்சு ஜல்லியாவும் ஸ்லாபாவும் போன பாறைங்க அத விட நிறைய. நல்லா இருக்க பாறைய ஒரு வெளியூர்க்காரரு நின்னு ரசிச்சுட்டுப் போறதப் பாத்தாலே ஊருக்காரங்களுக்கு அதோட மதிப்பு தெரியும், உங்க ஹோம்ஸ்டே அந்த வேலையச் செஞ்சாப் போதும்.

கேள்வி: ஏறுறதுக்கான ஷூ என்ன சைஸ்ல வாங்கணும்? பழசு வாங்கலாமா? (மாணவி, திருப்பத்தூர்)

பதில்: சாயங்காலமா கடைக்குப் போம்மா, அப்பத்தான் காலு கொஞ்சம் வீங்கி நெச சைஸ்ல இருக்கும். சாக்ஸ் இல்லாம போட்டுப் பாரு, விரலு முனைல முட்டி லேசா மடங்கணும், வலிக்கக் கூடாது. ரொம்ப இறுக்கமா வாங்குன்னு யாராவது சொன்னா கேக்காத, அது ரொம்ப நாள் ஏறுனவங்களுக்கு. டெகாத்லான்ல ஆரம்ப ஷூ கிடைக்குது. ஷூ பழசு வாங்கலாம், அடி ரப்பர் தேஞ்சா மாத்திக்கலாம், ஆனா கயிறும் ஹார்னெஸும் பழசு வாங்கவே வாங்காத, அதுங்க எத்தன தடவை விழுந்தவங்களத் தாங்குச்சு, எந்த வெயில்ல கிடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. புது ஷூ வாங்கின அன்னைக்கே வீட்டுக்குள்ள பத்து நிமிஷம் போட்டுக்கிட்டு நில்லு, விரலு மரத்துப் போச்சுன்னா வெளிய மண்ணுல கால் வைக்காம மறுநாளே பில்லோட போயி மாத்திடு.